இரண்டு கூட்டத்துப் பறவை

ஜனவரி 9, திங்கள்

துறை அறிவிப்புப் பலகையில் இன்று புதுத் தாள் ஒன்று. இசக்கியம்மாளின் முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு, பிப்ரவரி ஆறாம் தேதி, காலை பத்தரை மணி, கருத்தரங்கக் கூடம். தலைப்பு: தவிட்டுக்குருவிக் கூட்டங்களில் உணவுப் பகிர்வும் தனிப்பறவை வேறுபாடும். நெறியாளர்: முனைவர் த. எபனேசர். அனைவரும் வருக.

நான்கு மூலைக்கும் நான்கு பின் குத்தியிருக்கிறார்கள். என் அறிவிப்புகளுக்கு ஒரு பின்னோடு சரி. காற்றடித்தால் முகத்தை மூடிக்கொள்ளும்.

படித்துக்கொண்டு நிற்கும்போது எபனேசர் பின்னால் வந்து தோளில் கை வைத்தான்.

“அண்ணாச்சி, ஆறாந் தேதி வேற சோலி வச்சிக்கிடாதீங்க. முன் வரிசையில நீங்க இருக்கணும். மொத நெறியாளரு நீங்கதான்லா.”

என்னைவிட ஆறு வயது இளையவன். எனக்கு ஒன்பது வருடம் கழித்து இந்தக் கல்லூரியில் சேர்ந்தவன். எனக்கு முன்பே பேராசிரியர், இப்போது துறைத் தலைவர். விலங்கியலில் அவனுக்குத் தெரிந்ததில் பாதியாவது நான் சொல்லிக் கொடுத்தது. “பாப்போம்” என்றேன்.

வீட்டில் சிலிண்டர் வந்திருந்தது. வாஷர் இல்லை. மறுபடி போன் செய்ய வேண்டும்.

ஜனவரி 10, செவ்வாய்

யாராவது பிற்காலத்தில் இந்த நோட்டைப் படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இசக்கியம்மாள் முதலில் என்னிடம்தான் ஆய்வுக்குச் சேர்ந்தாள். 2017 ஜூன். தொகுப்பூதியத்தில் இங்கேயே பாடம் எடுத்துக்கொண்டு, காலையில் இரண்டு மணி நேரம் குருவி பார்ப்பாள். எங்கள் வளாகத்தில் தவிட்டுக்குருவிகள் இரண்டு கூட்டம். கேன்டீன் பக்கம் ஒன்று, மாணவியர் விடுதிப் பக்கம் ஒன்று. கூட்டத்துக்கு ஏழெட்டு. வலை கட்டிப் பிடித்து, ஒவ்வொரு குருவிக்கும் காலுக்கு ஒன்றாக இரண்டு நிற வளையம் போட்டோம். இடது கால் நிறம் முதலில், வலது கால் நிறம் பிறகு. அதுதான் அதன் பெயர். சிவப்பு–மஞ்சள், நீலம்–பச்சை, இப்படி. எல்லாம் ஒரே இனம், ஒரே தவிட்டு நிறம். வளையம் இல்லாவிட்டால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று சாது, ஒன்று சண்டைக்காரி, ஒன்று திருடி. அதை முதலில் சொன்னவன் நான்.

2018 கோடையில் நெறியாளரை மாற்றிக்கொள்ள விண்ணப்பம் கொடுத்தாள். காரணம் எழுதவில்லை. பெருந்தன்மையோடு கையெழுத்துப் போட்டேன். அதற்கு நான்கு மாதம் இழுத்தடித்தேன் என்பார்கள். எனக்கு வேறு வேலைகள் இருந்தன.

ஜனவரி 12, வியாழன்

நூலகத்தில் அவள் ஆய்வேட்டைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். மதியம் முழுக்கப் படித்தேன்.

எழுத்து சுத்தம். மூன்றாம் அத்தியாயம் யார் யாருக்குத் தீனி கொடுக்கிறார்கள் என்பது. குஞ்சுக்குக் கொடுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவள் எண்ணியது, வளர்ந்த குருவி வளர்ந்த குருவிக்குக் கொடுப்பதை. மேல்படியில் இருக்கும் குருவி புழுவைக் கொண்டுபோய்க் கீழ்படியில் இருப்பதன் வாயில் திணிக்கிறது. வாங்குகிற குருவி உடம்பைத் தாழ்த்தி, இறக்கையை நடுக்கி, குஞ்சு மாதிரி வாயைத் திறக்க வேண்டும். கீழே இருப்பது மேலே இருப்பதற்குக் கொடுக்கப் போனால் கொத்து விழும். கொடுப்பதுதான் அங்கே அதிகாரம். எழுநூற்றுப் பன்னிரண்டு முறை பார்த்து எழுதியிருக்கிறாள்.

நல்ல கண்டுபிடிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். எந்தப் பேராசிரியர் நெறியாளராக இருந்தாலும் வந்திருக்கும்.

ஆனால் சிவப்பு–மஞ்சள் எங்கே?

என் காலத்தில் நாங்கள் கண்ட பறவை அது. காலையில் கேன்டீன் கூட்டத்தோடு மேயும். அதே நாள் விடுதிக் கூட்டத்தின் கூட்டுக்கும் தீனி கொண்டுபோகும். இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று கண்டால் கொத்திக்கொள்ளும் இனத்தில், இரண்டுக்கும் பொதுவான ஒரு பறவை. கோயம்புத்தூர் மாநாட்டில் அதைப் பற்றி நான் வாசித்தபோது பெங்களூர்க்காரர் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். முப்பது வருட வேலையில் எனக்காக யாரும் எழுந்து நின்றது அந்த ஒரு முறை. கட்டுரையில் இசக்கியின் பெயர் இல்லை என்று அவள் முகம் சுண்டிப்போனது. சுருக்கத்துக்கு இருநூறு சொல்தான் அனுமதி. எல்லார் பெயரையும் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

அந்தப் பறவை இந்த ஆய்வேட்டில் இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: ‘முதலாண்டுத் தரவுகள் பயிற்சிக்கானவை; பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை.’

பயிற்சியாம். என்னுடைய ஒரு வருடம் பயிற்சி.

ஜனவரி 13, வெள்ளி

பீரோவில் முதலாண்டுப் பதிவுத்தாள்களின் நகல் பத்திரமாக இருக்கிறது. நூற்று நாற்பது பக்கம். எதையும் நான் தூக்கிப் போடுவதில்லை.

ஜனவரி 17, செவ்வாய்

காணும் பொங்கல். பத்து மணிக்கு இசக்கியம்மாள் வீட்டுக்கே வந்தாள், பழத்தட்டோடு. தட்டில் ஆப்பிள், வெற்றிலை பாக்கு, அழைப்பு மாதிரி அச்சடித்த தாள்.

“சார், நீங்களும் அம்மாவும் கண்டிப்பா வரணும். கேசரியும் வடையும் பரமசிவண்ணாச்சி கேன்டீன்லதான் சொல்லிருக்கேன்.”

“வாரோம்மா” என்றாள் என் மனைவி வடிவு. என்னைக் கேட்கவில்லை. “அந்த நிரந்தர வேலை இருக்குல்லா, அதுக்கு இது ஒதவுமா?”

“மார்ச் பத்துக்குள்ள பட்டச் சான்று கையில இருந்தா போடலாம்மா. பதினோரு வருசத்துக்கு அப்புறம் நம்ம துறையில ஒரு எடம் வருது. இத விட்டா எனக்கு வயசு போயிரும்.” பிறகு என்னைப் பார்த்து, “சாருக்கு ஒடம்பு எப்படி இருக்கு?” என்றாள்.

“செத்துப் போகல” என்றேன்.

சிரித்தாள். அவளுக்கு என் பேச்சு பழக்கம். அவள் போன பின் வடிவு ஒரு ஆப்பிளை நறுக்கிக்கொண்டே, “நம்மள்ட்ட இருந்திருந்தா இந்தப் பிள்ள ஒங்க பேரச் சொல்லிருக்கும்” என்றாள். நான் ஆப்பிள் தின்னவில்லை. மாவு மாதிரி இருந்தது என்று வடிவே சொன்னாள்.

ஜனவரி 20, வெள்ளி

விடுப்பு. தென்காசி போய் வந்தேன், மூக்குக்கண்ணாடியின் திருகு ஒன்று கழன்றுவிட்டது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கண்ணாடிக் கடை, தலைமைத் தபால் நிலையம், சந்தை. சிறுகிழங்கு நன்றாக இருந்தது, இரண்டு கிலோ.

“திருகு மாட்டவா தென்காசிக்குப் போனீய?” என்று வடிவு கேட்டாள். “பாளையங்கோட்டையில கண்ணாடிக் கடையே இல்லியாக்கும்?”

கிழங்கைக் காட்டினேன்.

ஜனவரி 21, சனி

மூன்றாம் ஆண்டு விடைத்தாள் முப்பது திருத்தினேன். ஒருவனும் உருப்பட மாட்டான்.

ஜனவரி 30, திங்கள்

துறையில் ஒரே குசுகுசுப்பு. பல்கலைக்கழகத்துக்கு யாரோ மொட்டை மனு போட்டிருக்கிறார்களாம். முதலாண்டுத் தரவுகளை ஆய்வாளர் வேண்டுமென்றே மறைத்துவிட்டார், முடிவுக்கு ஒத்துவராத ஒரு பறவையையே இல்லாமல் ஆக்கிவிட்டார் என்று. அத்தாட்சியாகப் பதிவுத்தாள் நகல் பன்னிரண்டு பக்கம் இணைத்திருக்கிறதாம். வாய்மொழித் தேர்வை நிறுத்தி வைத்து உத்தரவு.

அறிவிப்புத் தாளை எபனேசரே வந்து கழற்றினான். நான்கு பின்னையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டான்.

நகல்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் போயிருக்கலாம். என் பீரோ பூட்டு பல வருடமாகச் சரியில்லை.

பிப்ரவரி 3, வெள்ளி

விசாரணைக் குழு பதினேழாம் தேதி கூடுகிறது. தலைவர் காஜா முகைதீன், வேறு கல்லூரி. முதலாண்டில் நெறியாளராக இருந்தவன் என்ற முறையில் எனக்கும் கடிதம். என்னை வரச் சொல்ல இவர்களுக்கு ஐந்து வருடமும் ஒரு மனுவும் வேண்டியிருக்கிறது.

எபனேசரிடம், “குற்றச்சாட்டுல உண்மை இல்லேன்னா பயப்பட என்ன இருக்கு?” என்றேன்.

“நான் பயப்படல அண்ணாச்சி. அவதான் மூணு நாளா சாப்பிடாம கெடக்கா.”

“குருவி பாத்தா பசி தெரியாது.”

என் மேசையில் கிடந்த பேப்பர் வெயிட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தான். அவனுக்குக் கோபமே வராது. அது ஒரு வியாதி.

பிப்ரவரி 11, சனி

குழுவின் முன் வெறும் தாளோடு நிற்கக் கூடாது. சிவப்பு–மஞ்சள் இன்னும் உயிரோடு இருந்தால் அதை நானே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம் என்று துறையிலிருந்து பைனாகுலர் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குப் போனேன். இந்தக் கருவியைத் தொட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று கணக்கில்லை.

கேன்டீனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடம். ஏழு குருவிகள் சருகைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒரு கல்லின் மேல் ஒன்று ஏறி என்னைப் பார்த்து நின்றது. என் இடப் பக்கம் சிவப்பு, வலப் பக்கம் மஞ்சள். வயதாகி வளையம் வெளுத்திருந்தது. சந்தேகமில்லை. நோட்டில் ‘சிவப்பு–மஞ்சள், 7.20’ என்று எழுதினேன். அடியில் இரண்டு கோடு போட்டேன், சந்தோஷத்தில்.

தலை நிமிர்ந்தபோது அது முதுகைக் காட்டித் திரும்பி நின்று வடைத்தூளைக் கொத்திக்கொண்டிருந்தது. இப்போது என் இடப் பக்கம் மஞ்சள், வலப் பக்கம் சிவப்பு.

வேறு குருவி இல்லை. கல்லை விட்டு அது இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பி வழிந்ததை வடிவு வந்து சொன்ன பிறகுதான் அணைத்தேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

மறுபடி போனேன். கேன்டீன் குருவிக்கு அதன் இடது காலில் மஞ்சள், வலது காலில் சிவப்பு. விடுதித் தண்ணீர்த் தொட்டி அருகே இன்னொன்று. அதன் இடது காலில் சிவப்பு, வலது காலில் மஞ்சள். ஒரே சமயம் இரண்டு கூட்டத்தின் குரலும் இரண்டு பக்கமும் கேட்டன. இரண்டு குருவி. ஒன்று அந்தக் கூட்டம், ஒன்று இந்தக் கூட்டம். எல்லை தாண்டிய பறவை என்று எதுவும் இல்லை.

குருவியின் இடதை எழுதாமல் பார்க்கிறவரின் இடதை எழுதினால், அது திரும்பி நிற்கும்போதெல்லாம் ஒன்று மற்றதாகிவிடும். வளையம் போட்டு ஆய்வு செய்கிற எவரும் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

2017 ஜூனில், முதல் வாரம், இதே தொட்டிப் பக்கம் நின்று, “எடப்பக்கம்னா குருவிக்கா சார், நமக்கா?” என்று அவள் கேட்டாள். கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

முழங்கால் வலி. தைலம் தேய்த்தேன். பெங்களூர்க்காரர் அன்று எழுந்து நின்றது ஒருவேளை வெளியே போவதற்காகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 17, வெள்ளி

விசாரணை. நீண்ட மேசை, நால்வர், நடுவில் காஜா சார். இசக்கியம்மாள் ஒரு பக்கம், எபனேசர் அவளுக்கு அடுத்து, நான் எதிரே. பன்னிரண்டு நகல் பக்கங்களும் மேசையில் பரப்பியிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் என் பீரோவின் துருக் கறை.

காஜா சார் மென்மையாகத்தான் கேட்டார். “முழுசா ஒரு வருசத்த ஏம்மா விட்டீங்க? ரெண்டு கூட்டத்துக்கும் போற ஒரு பறவை இதுல தெளிவா இருக்கே.”

“அது ரெண்டு பறவை சார். நான் எடம் வலம் மாத்தி எழுதிட்டேன். குருவியோட எடத்த எழுதாம என்னோட எடத்த எழுதிட்டேன். ரெண்டாம் வருசம் எபனேசர் சார் கூட வந்து நின்னப்பதான் தெரிஞ்சுது. எதக் காப்பாத்த, எத விடன்னு பிரிக்க முடியல. அதான் எல்லாத்தயும் விட்டுட்டு மறுபடியும் மொதல்லேந்து ஒரு வருசம் பாத்தேன்.”

“அத அப்படியே ஏட்டுல எழுதிருக்கலாமே?”

அவள் ஒரு நகலின் மூலையை விரலால் நீவினாள்.

“நெறியாளர் இதெல்லாம் மொதல்லயே சொல்லித் தரலியா?”

எபனேசர் வாயைத் திறந்தான். அவள் மேசைக்கடியில் அவன் கையைத் தட்டியது எனக்குத் தெரிந்தது.

“சிவதாணு சார் சரியாத்தான் சொன்னாங்க. நாந்தான் புரிஞ்சிக்கிடல.”

காஜா சார் என் பக்கம் திரும்பினார். “அப்படித்தானா சார்?”

தலையை ஆட்டினேன். ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டார்கள்.

பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். டீ ஆறியிருந்தது.

பிப்ரவரி 20, திங்கள்

குழுவின் அறிக்கை. ஆய்வாளரின் தொடக்ககாலக் கவனக்குறைவு, உள்நோக்கம் இல்லை. ஆனாலும் முதலாண்டுத் தரவையும் விளக்கத்தையும் பின்னிணைப்பாகச் சேர்த்து, ஏட்டை வெளித் தேர்வாளர்களுக்கு மறுபடி அனுப்ப வேண்டும். குறைந்தது நான்கு மாதம். மார்ச் பத்து போய்விடும். அந்த இடத்துக்கு வெளியூர்க்காரர் யாரோ வந்து உட்காருவார்.

எபனேசர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தாமல் உட்கார்ந்தான்.

“காஜா சார்ட்ட பேசுனேன் அண்ணாச்சி. பேரு போட்ட மனுன்னா, போட்டவரு திரும்ப வாங்கிக்கிடுதேன்னு எழுதிக் குடுத்தா கோப்ப மூடிரலாமாம். மறுநாளே தேர்வு வைக்கலாமாம். மொட்ட மனுவுக்கு அதுக்கு வழியில்ல. யாரு திரும்ப வாங்க?”

“யாரு போட்டான்னு கண்டுபிடிக்க வேண்டியதுதான?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். “தேட வேண்டாம்னு இசக்கி சொல்லிட்டா. இருக்குத மனுசங்க கூடத்தான இனியும் இருக்கணும், விடுங்க சார்னு சொல்லுதா.”

தேட வேண்டாம் என்று சொல்ல அவள் யார்?

பிப்ரவரி 21, செவ்வாய்

நூலகத்தில் மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்து, எண்பத்தெட்டாம் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாங்குகிற குருவி எப்படி உடம்பைத் தாழ்த்தும் என்று அவளே வரைந்த படம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நன்றாக வரைகிறாள்.

வீட்டில் வடிவு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ளைய பஸ்ஸுல பாத்தேன். எளச்சிட்டா. சார் பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுதாங்களான்னு கேட்டா.”

“அவளுக்கு என்ன அக்கற?”

“அதத்தான் நானும் கேக்கேன்” என்றாள் வடிவு. காயைக் கீழே வைத்தாள். “தென்காசியில திருகு மாட்டுன கடைக்குப் பேரு என்ன?”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. ஆய்ந்த காயைக் கழுவ உள்ளே போனாள். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

எபனேசருக்குத் தெரியும். காஜாவுக்கும் தெரிந்திருக்கும். அவளுக்கு முதல் நகலைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். எல்லோரும் சேர்ந்து என்னைப் பாவம் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஐந்து வருடமாக வெளியே சொல்லாமல், நாற்பத்தோராம் பக்கத்திலும் ஒரு வரியோடு என்னை மூடி வைத்திருக்கிறாள். இப்போது வேலையையும் விட்டுக் கொடுக்கிறாள். நான் ஓய்வு பெற்று இந்த வளாகத்தை விட்டுப் போகும் வரை, வராந்தாவில் எதிரே வந்தால் “சாருக்கு ஒடம்பு எப்படி இருக்கு” என்பாள். அதை வாங்கிக்கொண்டு நான் போக வேண்டும்.

மாட்டேன்.

பிப்ரவரி 22, புதன்

காலையில் கடிதம் எழுதினேன். நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவதில் நின்றது. நகல்:

‘ஐயா, இசக்கியம்மாள் அவர்களின் ஆய்வு குறித்துத் தென்காசியிலிருந்து ஜனவரி 20 அன்று அனுப்பப்பட்ட பெயரில்லா மனு நான் எழுதியது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முதலாண்டில் வளைய நிறங்களைப் பார்ப்பவரின் இடது வலதாகப் பதியச் சொன்னவன் நான். ஆய்வாளர் சரியான கேள்வியைக் கேட்டார். நான் தவறான பதிலைச் சொன்னேன். விசாரணையில் நான் தலையாட்டியது பொய். ப. சிவதாணு, இணைப் பேராசிரியர், விலங்கியல் துறை.’

மனம் திருந்திவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் இப்போதும் எனக்குப் பிடித்தமானவள் இல்லை. எபனேசரும் அப்படித்தான். இதற்காக நாளை இருவரும் கண் கலங்கிக்கொண்டு வருவார்களே என்று இப்போதே எரிச்சலாக இருக்கிறது.

கல்லூரி வழியாக அனுப்பினால் எபனேசர் கையெழுத்துப் போட்டுத்தான் போக வேண்டும். அவன் படித்துவிட்டு, “எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்” என்று பைக்குள் வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்வான். அந்தப் புண்ணியத்தையும் அவனுக்கு விட முடியாது. பஸ் பிடித்து நேரே பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வெயில். வழியில் ஒரு இளநீர்.

தபால் பெறும் பிரிவில் ஒரு அம்மாள், ஐம்பது வயது இருக்கும். கடிதத்தைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

“இதுல இருக்குத சிவதாணு நீங்கதானா சார்?”

“நாந்தான்.”

“உள்ள போச்சுன்னா ஒங்க மேல நடவடிக்க வரும். தெரியும்லா? ரிட்டையர்டு ஆகுத நேரத்துல இது எதுக்கு சார்? இன்னிக்கு ஒரு நாள் யோசிச்சிட்டு நாளைக்குக் கொண்டாங்களேன்.”

“இன்னைக்கே சீல் வைங்கம்மா” என்றேன். “நாளைக்குன்னா எனக்கு மனசு மாறிரும்.”

வைத்தார்.